பாண்டிக்கு எழுதிய பரீட்சை

பரீட்சை எழுதிவிட்டு வந்த ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக மோர் குடித்து நான் பார்த்ததில்லை.

கலியமூர்த்தி அண்ணன் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கென்று இஸ்திரி போட்டு உடுத்திய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க பஸ் சீட்டின் தூசி. மோரில் மிதந்த கறிவேப்பிலையை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"வக்கீலம்மா, இந்தத் தடவ பாஸுங்க. சந்தேகமே வேணாம். கேட்ட கேள்வி அத்தினிக்கும் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். கையி எப்பிடி வீங்கிக்கினு இருக்குது பாருங்க."

"பக்கம் பக்கமாவா? நீங்களா?"

"நானேதாங்க. நீங்க சொன்ன வழிதான். பாண்டிகிட்ட சொல்ற மாதிரியே எழுதினேன்."

"அப்படிப் போடுங்க!"

"ஒவ்வொரு பதிலையும் 'பாண்டி, கேட்டுக்க'ன்னு ஆரம்பிச்சிதாங்க எழுதினேன்."

என் கையில் இருந்த மோர்ச் சட்டி நழுவி, சிமெண்டுத் தரையெல்லாம் மோர் ஓடியது.

சட்டத் தேர்வு எழுதியவர்களுக்கு நான் ஏன் பதறினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடைத்தாளில் யார் பெயரும் இருக்கக் கூடாது. எழுதியவர் பெயரோ, அண்டை வீட்டுக்காரர் பெயரோ, 'ஐயா, பார்த்துப் போடுங்கள்' என்ற கெஞ்சலோ, திருத்துகிறவருக்கு ஜாடை காட்டுவது போல எது தென்பட்டாலும் தாளையே ரத்து செய்துவிடலாம். முதல் பக்கத்திலேயே அதை அச்சடித்திருப்பார்கள்.

"முதல் பக்கத்துல போட்டிருந்ததப் படிக்கலியா அண்ணே?"

"அதப் படிச்சிக்கினு இருந்தா பதில எப்பங்க எழுதறது?" என்றார் அவர், துடைக்கத் துணி தேடியபடி.

கொடியில் காய்ந்த கவுன்

போன வாரம் இதே பத்தியில் குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "வக்கீலுக்குப் படித்தவர் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு முருங்கைக்காயைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானதுதான்.

நான் திருநெல்வேலிக்காரி. சட்டம் படித்தது சென்னையில். வக்கீலாகப் பதிவு செய்த அன்று கறுப்புக் கவுன் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். கவுனின் மடிப்புக் கலைவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், மின்சாரப் பிரிவில் வேலை. பெர்மனென்ட் என்ற ஒரு வார்த்தைக்கே எங்கள் அப்பா விழுந்துவிட்டார்.

நெய்வேலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். எங்கள் ஊரில் தண்ணீருக்குக் குடம் தூக்கிய கைக்கு அந்தக் குழாயே ஒரு அதிசயம். ஆனால் கோர்ட்டுக்குப் பண்ருட்டிக்குப் போக வேண்டும். இடுப்பில் ஒரு பிள்ளை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் புருஷன், ஒத்தாசைக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. கவுன் ட்ரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டையோடு குடித்தனம் செய்தது.

பூச்சி அரித்துவிடுமே என்று அவ்வப்போது அதற்கு வெயில் காட்டுவேன். அப்படி ஒரு நாள் கொடியில் போட்டிருந்தபோதுதான் ரோட்டில் சைக்கிள் மணி அடித்தது.

"ஏங்க, இது இன்னா துணிங்க? குடைக்குத் தெக்கறதா?"

காக்கிச் சட்டையில் பழுப்பு நிலக்கரித் தூசி படிந்த ஒரு மனிதர். கண் இமைகூடப் பழுப்பாக இருந்தது.

"இல்லைங்க, வக்கீல் கவுன்."

"வூட்டுக்காரரு வக்கீலா?"

"நான்தான்."

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கவுனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அது ஏங்க கொடியில கெடக்குது?"

பதில் தெரியாத கேள்வி கேட்பவர்களுக்கு எங்கள் ஊரில் காப்பி கொடுப்போம். கொடுத்தேன். அன்று முதல் நான் வக்கீலம்மா, அவர் எனக்குக் கலியமூர்த்தி அண்ணன்.

வடை விழுந்த வழக்கு

அவருக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமம். சுரங்கத்தில் பெல்ட் கன்வேயர் ஓட்டினார். வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட் அது. பேச்சு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். அவருடைய ரிலீவர், அதாவது அவருடைய ஷிப்ட் முடிந்ததும் வந்து அதே மெஷினை ஏற்கிறவர், மதுரைக்காரரான தங்கபாண்டி. நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் "சரிண்ணே" என்பதைத் தாண்ட மாட்டார்.

இந்தப் பாண்டி மீது ஒரு முறை புகார் வந்தது. கேன்டீனில் வடையைப் பரிமாறுகிறவர் மேல் எறிந்துவிட்டார் என்று. நிறுவனத்துக்குள்ளேயே விசாரணை. அதில் தொழிலாளிக்குத் துணையாக இன்னொரு தொழிலாளி உட்கார்ந்து பேசலாம். யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

கலியமூர்த்தி அண்ணன் பேசினார். வடை எண்ணெய் குடித்து வழுக்கியது, பாண்டி தட்டை நீட்டிய கோணம், பின்னால் இருந்தவர் முழங்கை பட்டது என்று விசாரணை அதிகாரியே டீ வரவழைத்துக் கேட்கும்படி பேசினார். "நல்லா சொல்றீங்க. இதை அப்படியே எழுதிக் குடுங்க" என்று அவர் ஒரு தாளைக் கொடுத்தார்.

அண்ணன் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 'பாண்டி எறியவில்லை. வடை விழுந்தது.'

பாண்டிக்கு அந்த வருஷ இன்கிரிமென்ட் போயிற்று.

"அந்த ஐயா மேல தப்பு இல்லீங்க" என்பார் அண்ணன். "எழுத்துல இருக்கறதத்தான அவரு பாக்க முடியும்? எனக்குச் சட்டம் தெரியல. அதான் எழுத வரல. என்னை நம்பி ஒக்காந்திருந்தான் பாண்டி." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பாண்டியோ அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு மாலை நேரச் சட்டக் கல்லூரி இருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் அண்ணன் அதில் சேர்ந்தார். சம்பள வேலையில் இருக்கும்வரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "கவுன ரிட்டயர் ஆனப்புறம் மாட்டிக்கறேன். அதுக்கு முன்னால எவனாவது என்னைத் துணைக்குக் கூப்பிட்டா ஒழுங்கா நிக்கணுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்

வகுப்பு நடத்துவதாக நான் போர்டு மாட்டவில்லை. அண்ணன் ஒரு சந்தேகம் கேட்க வந்தார். அடுத்த ஞாயிறு, கூடப் படிக்கும் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவை அழைத்து வந்தார். அப்புறம் டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்த ஒரு பெண், இன்னும் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக முன்னறையில் இருந்து சமையலறைக்குக் குடிபெயர்ந்தார். கொஞ்ச நாளில் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டார். சட்டக் கல்வியால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் லாபம் அந்த ரசம்தான்.

மனப்பாடம் செய்தவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. "செக்ஷன் நம்பர் கிடக்கட்டும், முதல்ல சண்டை என்னன்னு சொல்லுங்க" என்பேன். ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி. கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். எல்லாரும் ஒவ்வொருவராகத் தேறினார்கள்.

அண்ணன் மட்டும் தேறவில்லை. மற்ற பேப்பர்களை எப்படியோ தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டார். ஒப்பந்தச் சட்டம் மட்டும் நகர மாட்டேன் என்றது. எழுதுவார், போகும், மறுபடி எழுதுவார், மறுபடி போகும். இதில் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு. பாடத்திட்டம் மாறுகிறது, பழையவர்களுக்கு இந்த முறைதான் கடைசி வாய்ப்பு, தவறினால் முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் மனைவி தனம் மதனி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் போச்சின்னா புஸ்தகத்தையெல்லாம் அடுப்புல வெச்சி வெந்நி போட்டுடுவேன். சொல்லிட்டேன்." மதனி என்று நான் கூப்பிடுவது அவருக்கு வேடிக்கை. அவர்கள் பக்கம் அண்ணிதான். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை. அண்ணனும் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கும் தெம்பு தனக்கு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

வாதாடும்போது அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடும் மனிதர் ஏன் தேறவில்லை? ஒரு ஞாயிறு பேச விடாமல் எழுதச் சொன்னேன். கேள்வி: ஒருவன் கத்தியைக் காட்டி மற்றவன் வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிறான், அந்த ஒப்பந்தம் செல்லுமா?

ஒரு நிமிஷத்தில் தாளை நீட்டினார். 'செல்லாது. போலீசுக்குச் சொல்லவும்.'

"இவ்வளவுதானா?"

"வேற இன்னாங்க?"

"வாயால சொல்லுங்க பாப்போம்."

ஆரம்பித்தார். மிரட்டி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது, ஆனாலும் அந்தப் பத்திரம் தானாகச் செத்துவிடாது, மிரட்டப்பட்டவன் வேண்டாம் என்றால்தான் ரத்து, அவனே பிறகு மனசார ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம். முழு மார்க் போட வேண்டிய பதில்.

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"எழுத்துல நீட்டினா கன்ட்ரோல் ரூம்ல திட்டுவாங்களேங்க!"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சமையலறையில் கரண்டி விழும் சத்தமும் என் வீட்டுக்காரர் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. அவர்தான் விளக்கினார். பெல்ட் நின்றுபோனால் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் இரண்டே வரிதான் எழுத வேண்டும். என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். 'ரோலர் உடைந்தது. ஆள் அனுப்பவும்.' வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் பேனாவைத் தொட்டதே அதற்குத்தான்.

மதனியின் புகார்

நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. "விரிவா எழுதுங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. இரண்டு வரி மூன்று வரியாயிற்று, அதற்கு மேல் நகரவில்லை.

அந்த நேரத்தில் மதனி வேறொரு குறையோடு வந்தார். "முத ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடிஞ்சிடுது. மத்தவங்க வூட்டுக்கு வந்து சாப்ட்டுத் தூங்கியே எழுந்துடறாங்க. இவரு மட்டும் ஆடி அசஞ்சி வராரு. கேட்டா, பாண்டிகிட்ட சார்ஜு குடுத்துக்கினு இருந்தேன்றாரு. அப்பிடி இன்னாதான் குடுக்கறாருன்னு கேளுங்க."

கேட்டேன். சுரங்கத்தில் ஒரு வழக்கம். ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. வந்த பிறகும், மெஷின் இருக்கும் நிலைமையை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் எல்லாம் கேட்டுவிட்டு "எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் முன்னவர் கிளம்பலாம். தலையாட்டினால் போதாது.

"பாண்டிகிட்ட இன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பாண்டி, கேட்டுக்க. மூணாவது ரோலரு முனகுது. எண்ண இல்லியோன்னு எண்ண உட்டேன், அடங்கல. அப்போ எண்ண கோளாறு இல்ல. பெல்ட்டு எடது பக்கம் சாயுது, அதனால பாரம் ஒரே பக்கம் உழுது, அதான் முனகல். ஒருவேள மழ பேஞ்சி மண்ணு ஒட்டிக்கினா இன்னும் சாயும். அப்போ நிறுத்திடு. இப்போதைக்கு ஓடலாம்..."

நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. நடந்தது என்ன, கேள்வி என்ன, எது காரணம் இல்லை, எது காரணம், எப்போது மாறும், முடிவு என்ன, எல்லாம் வரிசையாக இருந்தது. இதைத்தானே சட்டத் தேர்வில் கேட்கிறார்கள்!

"அண்ணே, பரீட்சைத் தாள் கன்ட்ரோல் ரூம் இல்ல. அது பாண்டி. அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு பாண்டியையே வரவழைத்து நாற்காலியில் எதிரே உட்கார வைத்தோம். அண்ணன் அவர் முகத்தைப் பார்ப்பார், எழுதுவார், பார்ப்பார், எழுதுவார். பாண்டி பஜ்ஜி சாப்பிட்டபடி "சரிண்ணே" என்பார். தாள்கள் நிரம்பின. பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் பாண்டி பஜ்ஜிக்கு வந்தார்.

பரீட்சை ஹாலில் மட்டும் எதிரே பாண்டி இல்லை. என்ன செய்வார் மனுஷன்? பெயரை எழுதிக் கூப்பிட்டுக்கொண்டார்.

பலாப்பழ மாதங்கள்

மோரைத் துடைத்த பிறகு விஷயத்தை அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "பேர அடிச்சிட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டார். விடைத்தாள் எந்த ஊரில் எந்த மேஜையில் இருக்கிறதோ! யாரையும் விசாரிக்கவும் முடியாது. விசாரித்தால் நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பண்ருட்டிப் பலாப்பழம் வந்து குவிந்து, எங்கள் பிளாக் முழுக்க ஈ மொய்த்த மாதங்கள் அவை. அண்ணன் பேச்சைக் குறைத்துவிட்டார். ரெண்டே காலுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று மதனி வந்து சொன்னார். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தி. "எனக்கு இன்னாவோ பயமாக் கீதுங்க. லேட்டாவே வரட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புத்தகங்களை அடுப்புக்கு எட்டாத பரண்மேல் மதனியே எடுத்து வைத்திருந்தார்.

ரிசல்ட் வந்த அன்று அண்ணன் முதல் ஷிப்ட். பேப்பரில் நம்பரைப் பார்த்தவர் பாண்டி. எங்கள் வீட்டு வாசலில் நின்று, "வக்கீலம்மா, அண்ணன் நம்பர் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் ஓடி வருவதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அங்கே நடந்ததைப் பின்னால் மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன்.

பாண்டி பெல்ட்டுக்குப் போய் எதிரே நின்றாராம். "அண்ணே, கேட்டுக்கங்க" என்று ஆரம்பித்தாராம். காலையில் டீக்கடையில் பேப்பர் பார்த்தது, நம்பர் முதலில் கண்ணில் படாதது, கடைக்காரரை ஒரு தடவை, பஸ் கண்டக்டரை ஒரு தடவை பார்க்கச் சொல்லி உறுதி செய்தது, ஒன்று விடாமல் சொன்னாராம். பாண்டி அவ்வளவு பேசியதை அந்தச் சுரங்கம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அண்ணன் வாயிலிருந்துதான் ஒரு சொல் வரவில்லையாம்.

தாளை எப்படி விட்டார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. சட்டக் கேள்வியில் ராமன் வீடு விற்பான், கிருஷ்ணன் மாடு வாங்குவான். பாண்டியையும் அப்படி ஒரு ஆளாக நினைத்து, "யார் இந்தப் பாண்டி, எல்லா வழக்கிலும் நிற்கிறானே" என்று திருத்தியவர் தலையைச் சொறிந்திருப்பார் என்பது என் வீட்டுக்காரர் கட்சி.

சார்ஜ்

சில மாதம் கழித்து, என் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த நேரம். கவுனுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி. அண்ணன் பின்னால் ஒரு அம்மாள், மடியில் முந்திரிக்கொட்டை முடிச்சு.

"இவுங்க பச்சையம்மா, எங்க ஊரு. வக்கீலம்மா, கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்தார். முந்திரித் தோப்புக்குப் போகும் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பாதை எத்தனை காலமாகப் புழங்கியது, யார் யார் சாட்சி, அடைத்தவர் என்ன சொல்லக்கூடும், அதில் எது நிற்கும், எது நிற்காது, கோர்ட்டில் என்ன கேட்க வேண்டும். ஓர் இடத்தில்கூட எனக்குக் கேள்வி எழவில்லை.

சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றார்.

"நல்ல கேஸ் அண்ணே. பண்ருட்டியில நல்ல வக்கீலா பாத்துக் குடுங்க."

அவர் அசையவில்லை. பச்சையம்மாளும் அசையவில்லை.

"என்னண்ணே நிக்கிறீங்க?"

"நான் கவுன் போட முடியாது. பெர்மனென்ட் வேலை. போடறவங்க கொடியில காயப்போட்டுக்கினு இருக்காங்க." அவர் சிரிக்கவில்லை. "எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் இருக்குதுங்க. ரிலீவரு வாயத் தொறந்து சொல்லாம நான் எப்பிடிப் போறது?"

பண்ருட்டிக்கு எத்தனை மணிக்கு பஸ், மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் பார்ப்பார்கள், இத்தனை வருஷம் கழித்து நாக்கு எழுமா என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "ரசம் நான் வெச்சுக்கிடுதேன்" என்றார். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கொடியிலிருந்து கவுனை எடுத்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார்.